எலிக்கு ஏழாயிரம்

திருவள்ளூர் மாவட்டத்துப் பொதட்டூர்பேட்டைக்காரர் திருத்தணிக்குப் போய் ரயிலேறினால் அவர் சென்னைக் கோட்டத்துப் பயணி. அந்தக் கோட்டம் 2019இல், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்குக் கணக்குக் காட்டியது. எலி ஒழிப்புக்கு மூன்றாண்டில் 5.89 கோடி ரூபாய். 2018 மே முதல் 2019 ஏப்ரல் வரை பிடிபட்ட எலிகள் 2,636. மூன்றாண்டுப் பணத்தை ஓராண்டு எலியால் வகுத்து, தலைக்கு 22 ஆயிரம் என்று பத்திரிகைகள் அலறின. அநியாயம்! ஓராண்டுப் பங்கை மட்டும் எடுத்து வகுத்தால் ஓர் எலி ஏழாயிரத்துச் சொச்சம்தான். கொள்ளை மலிவு.

அதே மாவட்டத்து வயலில் எலி பிடிப்பவர் இருளர். டெண்டர் கிடையாது. வளை வாயில் தள்ளியிருக்கும் ஈர மண்ணைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா என்பார். நெல் சேர்த்த அறை எது, தப்பி ஓடும் பொந்து எது என்று மண்வெட்டி விழுமுன் சொல்வார். இதையே ஆங்கிலத்தில் எழுதி அட்டை போட்டால் முனைவர் பட்டம். இருளருக்குக் கூலி, அதுவும் வயல்காரர் மனசு வைத்தால். மண்பானையில் வைக்கோலை மூட்டி, ஓட்டையில் வாய் வைத்து ஊதி, வளைக்குள் புகை ஏற்றினார்கள். உதடு வெந்தது, நெஞ்சு கெட்டது. கையால் சுற்றிப் புகை ஊதும் இரும்புக் கருவிக்கு 2003இல் பணம் கொடுத்தது உலக வங்கி. வாஷிங்டன் வரை கேட்ட இருமல் கோட்டைக்குக் கேட்கவில்லை.

நமக்கோ விஷம்தான் விஞ்ஞானம். முதலில் தோலுக்காகப் பாம்பைத் தீர்த்தோம். பிறகு எலிக்கு மருந்து வைத்தோம். மருந்து தின்ற எலியைத் தின்று ஆந்தை செத்தது. எலிக்கு எதிரி யாரையும் மிச்சம் வைக்காமல், எலி பெருகிவிட்டதென்று கூட்டம் போடுகிறோம். 2024 நவம்பரில் குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்து இரண்டு குழந்தைகளைக் கொன்றது.

2023இல் இருளர் இருவருக்குப் பாம்பு பிடித்ததற்காகப் பத்மஸ்ரீ. நல்லது, கைதட்டுவோம். அவர்கள் இனத்துப் பிள்ளை பழங்குடிச் சான்றிதழ் கேட்டால் மட்டும் 'அப்பன் சான்றிதழ் எங்கே?' அப்பன் எங்கே வாங்குவார்? 1976லேயே சட்டம் போட்டு ஒழித்துவிட்ட கொத்தடிமைமுறையில், அரிசி ஆலையில் முன்பணத்துக்கு நெல் அவித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சான்றிதழ் அலுவலகத்துப் பதிவறையில் எலி நுழையட்டும். 'எலிக்காரனைக் கூப்பிடு' என்பார்கள். வந்து நிற்பவர் இருளர்தானா என்று அன்றைக்கு எவரும் ஆவணம் கேட்க மாட்டார்கள்.