கடைசி ஒரு நிமிஷம்

வில்லன் விழுந்தால் படம் முடிந்தது. எங்கள் காலத்துத் திருநெல்வேலியில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசி அடி இறங்கிய மறுகணம் பெஞ்சுகள் தடதடக்கும், யாரோ கதவுத் திரையை விலக்குவார்கள், காலைக் காட்சியின் இருட்டுக்குள் மதிய வெயில் பாளம் பாளமாக வந்து விழும், அதற்குள் நாங்கள் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்போம். அப்படி ஓடியதால் ஒரு படத்தின் கடைசி ஒரு நிமிஷத்தை நாற்பது வருஷம் பார்க்காமலேயே இருந்துவிட்டேன் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

‘ஷாவ்லினின் 36வது அறை’ என்ற அந்தப் படத்துக்கு நாங்கள் வைத்த பெயர் மொட்டைப் படம். ஹாங்காங்கில் ஷா பிரதர்ஸ் 1978இல் எடுத்தது, எந்தெந்த ஊரிலெல்லாமோ ஓடித் தேய்ந்து, உடம்பெல்லாம் கோடு விழுந்த பிறகு நாலைந்து வருஷம் கழித்து எங்களிடம் வந்து சேர்ந்தது. ரத்னாவும் பார்வதியும் பூர்ணகலாவும் ரஜினிக்கும் கமலுக்கும் என்று இருந்த காலம். வெளிநாட்டுப் படங்களுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிதான். சீனாவோ ஜப்பானோ, கையும் காலும் வீசினால் எங்களுக்கு அது கராத்தே படம். திரையில் வாய் மூடிய பிறகும் இங்கிலீஷ் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஒரு வாக்கியம்கூட விளங்காமல், கதை முழுக்க விளங்கிவிட்டது என்ற நிறைவோடு நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.

விளங்கிய கதை இதுதான். சீனாவின் தெற்கே கான்டன் நகரம். மஞ்சு ஆட்சியை எதிர்த்த வாத்தியாரையும் கூடப் படித்தவர்களையும் தளபதியின் ஆட்கள் கொல்கிறார்கள். அப்பாவை இழந்த மாணவன் ஒருவன் தப்பி ஓடி, பழிவாங்கும் வித்தையைத் தேடி ஷாவ்லின் மடத்துக்குப் போய் மொட்டையடித்துக்கொள்கிறான். அந்த மாணவனாக நடித்தவர் கோர்டன் லியூ, தளபதி லோ லியே. இயக்கிய லாவ் கார்-லியுங் தென்சீன அடிமுறையைப் பரம்பரையாகக் கற்றவர், கான்டன் பக்கத்து மாவீரர் வோங் ஃபெய்-ஹுங்கின் சீடர் வரிசையில் வந்தவர் என்பதெல்லாம் தலை நரைத்த பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவை. படத்தின் பேச்சு மாண்டரின்தான் என்றாலும் அதில் ஓடுகிற ரத்தமும் வீசுகிற கையும் கான்டன் மண்ணுக்குரியவை.

மடத்தில் 35 அறைகள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியிலேயே தண்ணீர், அதில் மிதக்கும் கட்டைகள். மிதித்துத் தாண்டத் தெரியாதவன் தொப்பென்று விழவேண்டியதுதான். இன்னோர் இடத்தில் இரண்டு கைகளையும் விரித்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்க வேண்டும். மேல் கையில் கத்தி கட்டியிருக்கும், கை தாழ்ந்தால் விலாவில் குத்தும். மணிக்கட்டுக்கு ஓர் அறை, கண்ணுக்கு ஓர் அறை, தலைக்கு ஓர் அறை. சண்டை எப்போது வரும் என்று ஊர் முழுக்கக் காத்துக்கிடந்த அந்தப் படத்தில் முக்கால்வாசி நேரம் ஒரு பையன் தண்ணீர் சுமப்பதைத்தான் காட்டினார்கள். ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

எனக்கும் அப்போது ஒரு பகை இருந்தது. எங்கள் வீடு சிந்துபூந்துறையில். பகையாளியின் வீடு ஆற்றுக்கு எதிர்க்கரையில், கொக்கிரகுளத்தில். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. கோடையில் தாமிரபரணி மெலிந்து சுலோசன முதலியார் பாலத்துக்குக் கீழே மணல் திட்டுகள் எழும்பியிருக்கும். அங்கே நடந்த கபடியில் என்னைக் காலை வாரிக் கிடத்தி, மேலே உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். பதிமூன்று வயதில் அதைவிடப் பெரிய அநியாயம் மஞ்சு தளபதியால்கூடச் செய்ய முடியாது. மொட்டைப் படம் பார்த்துவிட்டு, ஈரடுக்குப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பிய அந்த மதியமே நான் சபதம் எடுத்தேன்.

மறுநாள் விடியற்காலையிலேயே இரண்டு குடங்களோடு ஆற்றுக்கு இறங்கினேன். கத்திக்குப் பதிலாகக் கருவேல முள்ளைச் சணல் கயிற்றால் கையில் கட்டிக்கொண்டேன். மணலில் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு நிரப்பி, கைகளை விரித்தபடி படித்துறை ஏறுவேன். அந்தத் தண்ணீருக்கு ஒரு ருசி உண்டு, லேசான இனிப்பு; இப்போது வீட்டு வாசலில் கேன் இறங்குகிறது, ஆற்றில் அமலைச் செடி மிதக்கிறது, அந்த ருசியை என் பேரனுக்கு எந்தச் சொல்லால் சொல்வேன் என்று தெரியவில்லை. ஆச்சிக்குக் காரணம் தெரியாது. “எம் பேரனுக்குப் பொறுப்பு வந்துட்டு” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு, பெரிய செப்புப் பானைகளையும் இறக்கி வைத்தாள். அந்த வருஷம் முழுப் பரீட்சை லீவில் எங்கள் வீட்டில் தண்ணீருக்குக் குறைவே இல்லை.

சாயங்காலங்களில் சிலம்பம். எங்கள் தெருவுக்கு ஒரு வாத்தியார் இருந்தார். கம்பு அவர் கையில் இருந்தால் காற்று கிழியும் சத்தம் மட்டும் கேட்கும், கம்பு தெரியாது. படத்தில் மொட்டைத் துறவி மூத்தவரிடம் தோற்றுத் தோற்று, கடைசியில் மூன்று துண்டுகளைச் சங்கிலியால் கோத்த புதுக் கழியைச் செய்து ஜெயிப்பான். நானும் கம்பை மூன்றாக வெட்டிக் கயிற்றால் கோத்துக்கொண்டு போய் நின்றேன். வாத்தியார் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “ஒடிஞ்சா அது வெறகுல. போயி முழுக் கம்பா எடுத்துட்டு வா” என்றார். அடி வைப்பதற்கு முன்னால் ஒரு மாதம் வெறும் கால் வரிசை. அதை நான் என் முதல் அறை என்று எண்ணிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாள் இருக்கும்போது, முழங்கால் அளவுத் தண்ணீரில் ஆற்றைக் கடந்து கொக்கிரகுளத்துப் படித்துறைக்குப் போனேன். அங்கே அவன், இரண்டு குடங்களோடு, கைகளை இறக்கைபோல விரித்துக்கொண்டு, ஏறிக்கொண்டிருந்தான். அவனும் அதே காலைக் காட்சிக்கு வந்திருக்கிறான். அவனுக்கும் ஒரு பகை, அது நான். கருவேல முள்ளுக்குப் பதில் அவன் பனைமட்டைக் கருக்கைக் கட்டியிருந்தான். குடங்களை இறக்கிவைத்துவிட்டு இருவரும் படியில் உட்கார்ந்து கைத் தழும்புகளை எண்ணினோம். அவனுக்கு இரண்டு அதிகம். சண்டை போட வந்தது எங்கள் இருவருக்குமே நினைவில் இல்லை.

மறுநாள் அவனையும் வாத்தியாரிடம் அழைத்துப் போனேன். வாத்தியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு இந்தப் பக்கத்து அடி எதுக்குல?” என்றார். பக்கம் என்றால் ஆற்றின் கரை மட்டும் இல்லை என்பது அந்த வயதிலேயே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவன் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை; கம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவன் அதற்காக என்னிடம் ஒருநாளும் முகம் திருப்பியதில்லை, பாலத்தைத் தாண்டி வருவதையும் நிறுத்தவில்லை. எனக்குத்தான் அந்தச் சாயங்காலம் இன்னும் கலையவில்லை.

1983 பொங்கலுக்கு ‘பாயும் புலி’ வந்தது. ஏவி.எம். தயாரிப்பு, எஸ்.பி. முத்துராமன் இயக்கம். பழிவாங்கப் போகிற ரஜினி அதற்குமுன் வித்தை கற்கும் காட்சிகள் தொடங்கியதும், “நம்ம மொட்டைப் படம்லா!” என்று அவன் இருட்டுக்குள் என் தொடையில் அடித்தான். எங்கள் சொந்தக்காரர் யாரோ திரையில் வந்துவிட்டதுபோல் இருந்தது. பிறகு வீடியோ டெக் வந்தது. கடையநல்லூரிலும் தென்காசியிலும் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் என்றிருந்த காலம். லீவில் வருகிறவர்களின் பெட்டியில் தைலத்தோடும் கைலியோடும் நாலு கேசட்டும் இருக்கும். ஷா சகோதரர்களே 1920களில் சிங்கப்பூர் வந்து மலாயா முழுக்கத் தியேட்டர் நடத்தித்தான் வளர்ந்தவர்கள், மலாய்ப் படம் எடுக்க எல். கிருஷ்ணன் போன்ற தமிழரையும் வைத்துக்கொண்டவர்கள் என்பதால், சுற்றிவளைத்துப் பார்த்தால் அந்தப் பெட்டி எங்களுக்கும் அந்நியமில்லை. கேசட்டிலும் வில்லன் விழுந்ததும் யாராவது எழுந்து டெக்கை நிறுத்திவிடுவார்கள். வாடகை டெக், அடுத்த படம் காத்திருக்கும்.

போன மாதம் மகன் என் போனில் அந்தப் படத்தைப் போட்டுக் கொடுத்தான். ஒரு கோடு இல்லை, ஒரு வெட்டு இல்லை. துறவிகளின் காவி கண்ணைப் பறித்தது, பேச்சு சீன மொழியிலேயே கேட்டது, எழுத்து கீழே ஓடியது. காத்திருக்காமல், வரிசையில் நிற்காமல், முறுக்கு வாசனையும் பீடிப் புகையும் பக்கத்தில் ஒரு தொடையும் இல்லாமல், கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தேன். இத்தனை தெளிவாக ஒரு படத்தை இத்தனை தனியாக நான் பார்த்ததில்லை. தளபதி விழுந்தான். பழக்கதோஷம், விரல் நிறுத்தப் போனது. படம் நிற்கவில்லை.

இன்னும் ஒரு காட்சி இருந்தது. நடுவில் வந்த ஒரு பேச்சின் பொருள் அப்போதுதான் துலங்கியது. 35 அறைகளையும் முடித்தவனிடம், எந்த அறைக்குத் தலைவனாக வேண்டும் என்று மடத்தில் கேட்கிறார்கள். அவன் எதையும் கேட்கவில்லை. புதிதாக ஓர் அறை வேண்டும், வெளியில் இருக்கிற சாதாரண ஜனங்களுக்கு இந்த வித்தையைச் சொல்லித்தர வேண்டும் என்கிறான். மடத்துக்கு வெளியே வித்தை போகக்கூடாது என்பது அங்கே சட்டம். கடைசி நிமிஷத்தில் அந்த அறை திறந்திருக்கிறது, வெளியாட்கள் வரிசையாக நின்று பயில்கிறார்கள். 36வது அறை அதுதான். படத்தின் பெயரே அந்த அறையின் பெயர். பழிவாங்கும் படம் என்று நாங்கள் நாற்பது வருஷம் கொண்டாடியது கதவு திறக்கிற படம். அதைப் பார்க்காமல் ஓடிவந்துவிட்டோம்.

எங்கள் மாவட்டத்தில் பழிக்குப் பழி என்பது சினிமாவில் மட்டும் வருகிற சொல் இல்லை. காலையில் பேப்பரைப் பிரித்தாலே தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு, மாணவர்கள் மணிக்கட்டில் சாதியைச் சொல்லும் கலர் கயிறு கட்டத் தடை வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது, எதிரும் புதிருமாகப் படியில் உட்கார்ந்து முள் தழும்பை எண்ணிய இரண்டு மணிக்கட்டுகள் என் கண்முன் வந்தன. அந்த வயதுப் பையனுக்குப் பகை இல்லாமல் இராது. அதைத் தண்ணீர் சுமக்கவைக்க ஒரு படித்துறையும், வா என்று சொல்ல ஒரு வாத்தியாரும் வேண்டும்.

இப்போது சிலம்பத்துக்கு வகுப்பு, மாதக் கட்டணம், ஒரே நிற பனியன், பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ். அம்மாக்கள் போனை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். மணல் போய்விட்டதால் சிமெண்டுத் தரையில் கால் வரிசை. இதையெல்லாம் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேன். ஆனால் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் எந்தத் தெரு, எந்தக் கரை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். எங்கள் வாத்தியாரின் கம்பில் இருந்த அந்தக் காற்றுக் கிழிசல் சிமெண்டுத் தரையில் கேட்குமா என்றால், கேட்கிறது.

படம் பார்த்த ராத்திரியே அவனுக்குப் போன் பண்ணினேன். கடைசி நிமிஷத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“அப்போ கதவைத் தொறந்து வச்சுட்டான்னு சொல்லு.”

“ஆமா.”

“நாம அதுக்குள்ள சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போயிட்டோம்லா” என்றான். பிறகு, “எம் பேத்தி கம்பு சுத்தப் போறா. நாளைக்குச் சாயங்காலம் வாயேன்” என்றான்.

போனேன். அவன் பேத்தியும் அவளைப்போல முப்பது பிள்ளைகளும் சுற்றினார்கள். வகுப்பு முடிந்து, பெற்றோர்கள் வண்டியைக் கிளப்பத் தொடங்கிய பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பிள்ளை கம்பைத் துடைத்துச் சுவரில் சாத்திவைக்கும் வரை, இரண்டு பேரும் அந்தச் சிமெண்டுப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம்.