கடையாண்டியல்: ஒரு பழுப்பு நிற ஆய்வு

ஓவியக் கல்லூரியின் நான்காமாண்டு மாணவர், விடைபெறும் தறுவாயில், மூன்றாமாண்டு மாணவர் வாங்கித் தரும் தேநீருக்கு ஈடாக வழங்கும் அறிவுரைகளுக்கு இதுவரை செம்பதிப்பு இல்லை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் தொடங்கி உரையாசிரியர்கள் வரிசைகட்டி வந்தார்கள். 'கதவை அளந்து கேன்வாஸ் அடி' என்ற நூற்பாவுக்கு ஒருவரும் வரவில்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு. இதற்கு எந்த நிறுவனமும் நிதி வழங்கவில்லை என்பதை ஆய்வு நெறி கருதியும், யாராவது மனமிரங்கக் கூடும் என்பது கருதியும் முதலிலேயே அறிவிக்கிறோம்.

மூலச் சுவடிகள் மூன்று: கேன்டீன் பெஞ்சு, ஓர் ஈசலின் பின்கால், விடுதி அறைக் கதவு.

முதல் நூற்பா மேலே சொல்லப்பட்டது. ஆறடிப் படத்தை மாடிப்படி வழியே டிஸ்ப்ளே அறைக்கு இறக்கியவர்களுக்கு உரை தேவையில்லை. இறக்காதவர்களுக்கு உரை எழுதிப் பயனில்லை.

இரண்டாவது: 'படத்தைப் பற்றி எழுதும்போது அகராதியைத் தொடாதே.' எல்லோரும் தொட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது: 'காயாததைக் காட்டாதே' (ஈசல், பின்கால், உட்புறம், பசையேறிய பகுதி). கடையாண்டியலின் இதயம் இதுவே என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். எண்ணெய் வண்ணம் ஈரத் துணி உலர்வதுபோல் உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி வேதிவினையால் இறுகுகிறது. அக்ரிலிக் சில நிமிடங்களில் தொடும் பதத்துக்கு வந்துவிடும். எண்ணெய்க்கு நாள்களோ வாரங்களோ ஆகும். அதிலும் எல்லா நிறத்துக்கும் ஒரே வேகம் இல்லை. டைட்டானியம் வெள்ளை, காட்மியம் சிவப்பு, ஐவரி கறுப்பு ஆகியவை மந்தம். பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பில் மாங்கனீசு இருக்கிறது. அது வினையை முடுக்கிவிடுவதால், மெல்லிசாகப் பூசினால் ஓரிரு நாளில் விரலில் ஒட்டாது.

இனி ஆய்வு வினாவுக்கு வருவோம். முடிவாண்டு டிஸ்ப்ளேயில் பழுப்பு ஏன் இப்படி மிகுகிறது?

இதற்கு மூன்று கோட்பாடுகள் உள்ளன. கேட்டலாக் மரபினர் அதை மண்ணின் அழைப்பு என்பர். கருத்தரங்க மரபினர் பின்காலனிய நினைவின் படிவு என்பர். இவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள் என்பதற்கு இதுவரை அகச்சான்று கிடைக்கவில்லை. மூன்றாவது, இவ்வாய்வு முன்வைக்கும் மாங்கனீசுக் கோட்பாடு: மாணவர் தாமதமாகத் தொடங்கினார்.

இக்கோட்பாட்டுக்குச் சான்று வலுவானது. 'வைவாவுக்கு நாலு நாள்தான், அம்பரை எடு' என்ற வரி கேன்டீன் பெஞ்சில் கத்தி முனையால் கீறப்பட்டுள்ளது (இடப்பக்கம், டீக்கறைக்கு வடக்கே, 'நாலு' என்பது முதலில் 'பத்து' என்றிருந்து பிற்காலத்தில் திருத்தப்பட்டதாக எழுத்தமைதியால் துணியலாம், திருத்திய கை வேறு, பதற்றம் ஒன்றே). எதிர்வாதமும் உண்டு. ஹேர் டிரையர் பள்ளியினர் எந்த நிறத்தையும் சூடுகாட்டிக் காயவைக்கலாம் என்பர். ஆவியாக வேண்டிய தண்ணீரே இல்லாத இடத்தில் அக்கருவிக்கு என்ன வேலை என்று அவர்கள் விளக்கவில்லை. அவசரக்காரர்களுக்கு இன்னொரு கண்டமும் இருக்கிறது. இன்னும் இறுகாத கறுப்பின் மேல் விரைந்து காயும் பழுப்பு ஏறினால், மேல்தோல் முந்திக்கொண்டு இறுகிப் பின்னர் வெடிக்கும். கேட்டலாக் மரபினர் அவ்வெடிப்பைக் கண்டு வறட்சியைப் பற்றி இரண்டு பத்தி எழுதுவர்.

நான்காம் நூற்பா வினாவாக மட்டும் கிடைக்கிறது: 'முடிச்சிட்டு சோத்துக்கு?' விடைப்பகுதி சிதைந்துவிட்டது என்று கருதுவதைவிட, எழுதப்படவே இல்லை என்று கொள்வது நேர்மை. ஆனால் புறச்சான்று ஒன்று இருக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி பின்னாளில் அரசு கவின்கலைக் கல்லூரியாயிற்று. அங்கே கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்தபோது, நன்றாக வரைந்த பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே வைப்பதைக் கண்டார். பாட்டிக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியம் தீட்டுவது என்ற வழி பிறந்தது. அப்படிச் சேர்ந்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். சென்னை ஓவியர்களின் கோட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் அறிஞர்கள் மாலைவரை பேசுவார்கள். அந்தக் கோட்டுக்குச் சோறு போட்ட துணியைப் பற்றிக் கேட்டால் தேநீர் இடைவேளை வந்துவிடும்.

ஐந்தாவது: 'வார்னிஷ் அடுத்த வருஷம் மச்சான்.' எண்ணெய்ப்படம் உள்ளும் புறமும் இறுக ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை ஆகும். அதற்கு முன் வார்னிஷ் பூசலாகாது. ஆகவே பட்டம் வாங்கியவரின் படம் இன்னும் பட்டம் வாங்கியிருக்காது. இவ்வரியில் பாடபேதம் உண்டு. 'மச்சான்' என்பதற்கு 'மாப்ள' என்பது ஈசல் பாடம். கேன்டீன் பெஞ்சில் இவ்விடத்தில் வேறொரு விளி இருக்கிறது. அச்சில் தர இயலாது. விடுதிக் கதவுப் படியே மூத்தது என்றும், கரித்துண்டால் எழுதப்பட்ட அதைப் பார்த்தே மற்றவை பெயர்த்தெழுதப்பட்டன என்றும் கொள்ள இடமிருக்கிறது. ஆனால் காசில்லாத ஒரு ஜூனியர் அக்கதவைக் கழற்றி, ப்ரைமர் பூசி, அதன்மேல் காம்போசிஷன் போட்டுவிட்டார்.

பழையதன்மேல் புதியது வரைவது வான்கோவும் செய்ததுதான். அவருடைய புல்வெளி ஓவியம் ஒன்றின் அடியில் ஒரு பெண்முகம் இருப்பதை 2008-இல் எக்ஸ்-கதிர் கொண்டு மீட்டெடுத்தார்கள். அதே கருவியை விடுதிக் கதவுக்கும் இரண்டு நாள் இரவல் தர வேண்டுமென விண்ணப்பித்திருக்கிறோம். கதவின் உரிமையாளர் யார் என்ற பத்தியை நிரப்ப முடியாததால் விண்ணப்பம் திரும்பிவந்துள்ளது. அறையில் இப்போது தங்கியிருப்பவரோ ஆய்வெல்லாம் இருக்கட்டும், முதலில் கதவைக் கொண்டுவந்து மாட்டுங்கள் என்கிறார்.