காமா கொண்டுவந்த சீர்

கேள்வி: வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் நம் கோயிலை மாதா கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். 1498இல் கப்பலில் கூட வந்தவர் எழுதிய நாட்குறிப்பிலேயே இருக்கிறது. சுவர்ச் சித்திரங்களில் நாலைந்து கை, துருத்திய பல். புனிதர்கள் இந்த ஊரில் இப்படித்தான் போலும் என்று மண்டியிட்டுவிட்டார்கள். பக்தி முற்றினால் பல்லெல்லாம் கண்ணில் படுமா?

சாமூதிரி மன்னருக்குக் கொண்டுவந்த சீர்தான் அதைவிட வேடிக்கை. ஆறு தொப்பி, கைகழுவ ஆறு பாத்திரம், நாலு சரம் பவழம், கொஞ்சம் துணி, எண்ணெய், தேன், சர்க்கரை. கரும்பு விளையும் நாட்டுக்குச் சர்க்கரை! மன்னரின் ஆட்கள் சிரித்தேவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் பரம ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் தருவான், தங்கம் இருந்தால் எடும் என்றார்களாம்.