யான் ராவின் பாவக் கணக்கு

கேள்வி: 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' அனிமேஷன் தொடரில் சிறிது நேரமே வந்துபோகும் யான் ரா எவ்வளவு கொடியவன்?

பதில்: பூமி ராஜ்யத்தையே எரித்துச் சாம்பலாக்கத் துணிந்த நெருப்பு ராஜ்யத்து மன்னன் ஓசாய்க்கும், சந்திர தேவதையையே வதைத்த ஜாவோவுக்கும் பக்கத்தில் நிறுத்தினால், அதே ராஜ்யத்துப் படைத்தலைவனான யான் ரா வெறும் சுண்டைக்காய்தான்; ஆனால் அதர்மத்தை அழிவின் பரப்பைக் கொண்டு மட்டும் அளப்பதற்கு நான் சம்மதியேன். தென் துருவத்துக் கிராமத்தில், கரி கலந்து கறுத்த பனி பெய்துகொண்டிருந்த பொழுதில், சிறுமியான மகள் கட்டாராவைக் காக்கும்பொருட்டு, நீர்வித்தை அறிந்தவள் தானே என்று பொய் சொல்லித் தன்னைக் கைதியாக ஒப்புக்கொடுத்த கயாவை, இன்று கைதிகள் பிடிக்கும் உத்தேசம் இல்லை என்று சாவதானமாகச் சொல்லிக் கொன்றவன் அவன். முன்பு பிடிபட்ட நீர்வித்தைக்காரர்களைச் சிறைக்கல்லவா கொண்டுபோனார்கள்! இவனுக்குக் குரோதமும் இல்லை, லட்சியமும் இல்லை. அதுதான் என் நெஞ்சைச் சுடுகிறது.

2008-இல் வெளிவந்த அத்தியாயம், வேலையிலிருந்து ஓய்வுபெற்று, தாயின் ஏச்சைக் கேட்டுக்கொண்டே தோட்டவேலை பார்க்கும் சாதாரண மனிதனாக அவனைக் காட்டுவது அபாரமான கற்பனை. வளர்ந்தபின் பழிவாங்க அவனைத் தேடிவந்து, மழைத்துளிகளை அந்தரத்தில் நிறுத்தி, பனி ஊசிகளாக்கி ஏவிய கட்டாரா, அவன் முகத்தருகே அவற்றைத் தடுத்துவிட்ட பிறகு, தான் செய்த கொலைக்கு ஈடாகத் தன் தாயை எடுத்துக்கொள்ளச் சொல்கிறானே, அந்த ஈனத்துக்கு ஓசாயிடம்கூட இணையில்லை. அவள் அவனைக் கொல்லவுமில்லை, மன்னிக்கவுமில்லை, இரண்டும் நியாயமே.