வழுக்கும் வழக்கும்

கே: சூப்பர் மார்க்கெட் தரையில் வழுக்கி விழுந்தால் முதலில் யாரிடம் ஓடுவது? டாக்டரிடமா, வக்கீலிடமா?
– திருச்சி வாசகர்

ப: டாக்டரிடம்தான். வக்கீல் முதலில் கேட்கப்போவதும் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைத்தான். வழுக்குக்கும் வழக்குக்கும் ஓர் உகரம்தான் தூரம்!

1974-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில், டெஸ்கோ கடையில் ஒரு பெண் வழுக்கி விழுந்தார். காலடியில் இளஞ்சிவப்பாகத் தயிர் சிந்திக் கிடந்தது. அது எவ்வளவு நேரமாகக் கிடந்தது என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது கடை. விழுந்து கிடப்பவர் எப்படி நிரூபிப்பார்? சில வாரங்கள் கழித்து அதே கடைக்குப் போனார். இப்போது ஆரஞ்சு ஸ்குவாஷ் சிந்தியிருந்தது. கால் மணி நேரமாகியும் துடைக்க ஆள் வரவில்லை. வழக்கில் அதையும் சாட்சியமாகச் சொன்னார்.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் இருவர் அவர் பக்கம். தரையைச் சுத்தமாக வைக்க ஒழுங்கான ஏற்பாடு இருந்தது என்று காட்ட வேண்டியது கடைதான் என்றார்கள்.

நம் ஊரிலும் விழுந்த இடத்தைப் படமெடுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள், கேமரா பதிவை அழிக்க வேண்டாமென்று கடைக்கு எழுத்தில் கொடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டு கெடு.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், சட்ட உதவி இலவசம். இலவச சட்ட ஆலோசனைக்கு அழைக்க வேண்டிய எண் 15100.