ஊர்மானம் காத்த கதை

2010 ஆகஸ்டில் டெல்லிக்கு வந்த கோபத்தைப் பார்த்தவர்கள், நாட்டில் இனி கிருமிகளின் ஆட்டம் முடிந்தது என்றே நம்பியிருப்பார்கள். லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஓர் ஆய்வு வெளியாகியிருந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் நோயாளிகளிடம் எடுத்த பாக்டீரியாக்களில் ஒரே மரபணு. வேறெதுவும் பலிக்காதபோது கொடுப்பதற்கென்று மருத்துவர்கள் பொத்திப் பாதுகாத்த கார்பாபெனம் மருந்துகளையே சிதைக்கும் நொதி அதன் கைங்கரியம். அது குந்தியிருப்பது பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ. வளையத்தில். ஆகவே ஒரு பாக்டீரியா இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குச் சாதி பார்க்காமல் தாவும்.

கோபம் வரவேண்டிய செய்திதான். வந்தது, பெயர்மேல். டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு ஸ்வீடன் நோயாளியிடம் முதலில் கண்டதால், 2009-லேயே அதற்கு 'நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்-1' என்று பெயரிட்டிருந்தார்கள். தலைநகரின் பெயரையா வைப்பது? பன்னாட்டு நிறுவனங்களின் சதி என்று நாடாளுமன்றத்தில் முழக்கம். அறுவை சிகிச்சைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் வராமல் போனால் மருத்துவச் சுற்றுலா என்னாவது என்று கவலை. உள்ளூர் நோயாளி என்னாவான் என்ற கவலைக்குப் பட்டியலில் இடமில்லை. 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன், பெயர் வைத்தது பிழை என்று மன்னிப்புக் கேட்டார். தேசத்தின் மானம் மீண்டது. மரபணு இருந்த இடத்திலேயே இருந்தது.

சில மாதத்தில் அடுத்த ஆய்வு. கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு மத்திய டெல்லியைச் சுற்றி 12 கிலோமீட்டருக்குள் தெருவில் தேங்கிய கசிவுநீரையும் குழாய்நீரையும் எடுத்துச் சோதித்தது. மரபணு இருந்தவை: கசிவுநீர் மாதிரி 171-ல் 51. குழாய்நீர் 50-ல் 2. காலராக் கிருமியிலும் சீதபேதிக் கிருமியிலும் அதே மரபணு. நம் அதிகாரிகள் உடனே முக்கியமான கேள்வியைக் கேட்டார்கள்: அனுமதியில்லாமல் இந்தத் தண்ணீர் எப்படி நாட்டைவிட்டுப் போனது? சாக்கடை குடிநீருக்குள் வர அனுமதி தேவையில்லை. குடிநீர் ஆய்வகத்துக்குப் போகத்தான் தேவை.

இதற்கெல்லாம் முன்பே, 2007-ல், ஐதராபாத்துக்குப் பக்கத்துப் பட்டாஞ்சேருவில் ஜோக்கிம் லார்சன் என்ற ஸ்வீடன் விஞ்ஞானியின் குழு ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சோதித்திருந்தது. சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவு அப்போது அங்கே வந்தது. சுத்திகரித்து வெளியே விட்ட நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின். மாத்திரை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு ஏறாது. நாளொன்றுக்கு 45 கிலோ மருந்து ஓடையில் போனதாகக் கணக்கிட்டார்கள். ஸ்வீடன் நாடே ஐந்து நாள் விழுங்கும் அளவு. ஏழைக்கு மருந்து எட்டவில்லை என்று இனி யார் சொல்வது? ஓடைத் தவளைக்கே முழு டோஸ் கிடைக்கிறது. அந்தச் சேற்றில் பிழைத்துத் தேறும் பாக்டீரியாவுக்கு மருத்துவமனை ஒரு பொருட்டா?

அரசு சும்மா இருக்கவில்லை. 13 வருடம் யோசித்தது. 2020 ஜனவரியில் ஆலைக் கழிவில் எந்த ஆன்டிபயாட்டிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு கட்டி வரைவு விதி வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2021-ல் இறுதி விதி வந்தபோது அந்த வரம்புகளைக் காணோம். ஒரு மரபணுவின் பெயரை மாற்ற முடியாத அரசுக்கு ஒரு பட்டியலை மறையச் செய்ய ஒன்றரை வருடம் போதுமாக இருந்தது.

இடையில் 2016-ல் இன்னோர் ஆய்வு. டெல்லியின் 3 பெரிய மருத்துவமனைகளில் பிறந்த 13,000-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. ரத்தத்தில் கிருமி உறுதியான குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தார்கள். அதிகம் கண்ட அசினெட்டோபாக்டர் கிருமியில் பத்துக்கு எட்டு, பல மருந்துகளுக்கு அடங்காதவை. அந்த ஆய்வின் பெயரிலேயே டெல்லி இருக்கிறது. நாடாளுமன்றம் கொதித்ததாக நினைவில்லை. செத்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லவே.