கட்டத்துக்குள் வானவில்

கே: மகளின் பிறந்தநாள் காலையில் கலர் கலராக வாஃபிள் சுட ஆசை. கடைக் கலர் பொடி இல்லாமல் முடியுமா? (கோவை வாசகி)

ப: தாராளமாக முடியும். கலர் கடை உங்கள் காய்கறிக் கூடையிலேயே இருக்கிறது. ஒன்றரை கப் மைதா, கால் கப் அரிசி மாவு, 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 2 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, சிட்டிகை உப்பு, 2 முட்டை, ஒரு கப் பால், உருக்கிய வெண்ணெய் 75 கிராம். கலந்த மாவை மூன்று கிண்ணங்களாகப் பிரியுங்கள். வேகவைத்து அரைத்த பீட்ரூட், கேரட், பாலக்கீரை விழுதுகளை, கிண்ணத்துக்கு ஒன்றாக 2 டேபிள்ஸ்பூன் சேருங்கள். கெட்டியாக இருந்தால் பால் தெளியுங்கள்.

கே: மாவில் ரோஜாவாக இருந்த பீட்ரூட், வெந்ததும் செங்கல் நிறமாகிவிட்டதே? (திருச்சி வாசகர்)

ப: பீட்ரூட்டுக்குச் சூடு ஆகாது, புளிப்பு ஆகும். அந்தக் கிண்ணத்தில் மட்டும் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு, மிதமான சூட்டில் சுடுங்கள். அதே எலுமிச்சையைக் கீரைக் கிண்ணத்தில் விட்டுவிடாதீர்கள், பச்சை மங்கிவிடும். கேரட்டோ பரம சாது, சூட்டில் எளிதில் நிறம் மாறாது.

கே: மஞ்சள் தூளும் ஆப்ப சோடாவும் சேர்த்தேன். மாவு சிவந்தது! கலப்படமா? (மதுரை வாசகி)

ப: மஞ்சள் மீது பழி வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவக்கிறதே, அதே வேலைதான் இங்கும் நடந்தது. சோடாவும் சுண்ணாம்பைப் போல் காரத்தன்மை உடையது. சோடாவை விட்டுப் பேக்கிங் பவுடருக்கு மாறுங்கள்.

கே: சங்குப்பூ போட்டால் நீலம் வராமல் பச்சையடிக்கிறது. (புதுச்சேரி வாசகர்)

ப: முட்டையின் மஞ்சள் கருவும் நீலமும் சேர்ந்தால் வேறென்ன வரும்? நீல வாஃபிளுக்கு வெள்ளைக் கரு மட்டும் போதும். பத்துப் பூக்களைக் கொஞ்சம் சுடுபாலில் ஊறவைத்து வடிகட்டிச் சேருங்கள். கரைசலில் எலுமிச்சை சில சொட்டு விட்டால் ஊதா. ஒரே பூவில் இரண்டு நிறம்!

கே: தட்டுக்கு வருவதற்குள் நமுத்துப்போகிறது. (சேலம் வாசகி)

ப: வாஃபிள் மேக்கரின் ஓரத்தைக் கவனியுங்கள். முதலில் புசுபுசுவென்று வரும் ஆவி மெல்ல மெலிந்து, நூலாகி, நின்றுபோகும். அதன் பிறகு மூடியைத் திறங்கள். எடுத்ததைத் தோசை மாதிரி அடுக்கினால் ஒன்றின் வியர்வையில் மற்றொன்று நனையும். கம்பித் தட்டில் தனித்தனியாக வையுங்கள்.

கே: வாஃபிளில் கட்டங்கள் எதற்கு? (நெல்லை வாசகர்)

ப: கட்டம் நன்றாக இருந்தால்தான் எதுவும் கைகூடும்! பள்ளமும் மேடுமாக இருப்பதால் சூடு படும் பரப்பு கூடி, மொறுமொறுப்பும் கூடுகிறது. ஊற்றும் தேனும் வழியாமல் தங்குகிறது. டச்சு மொழியிலிருந்து வந்த ‘வாஃபிள்’ என்ற சொல், தேனடையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லுக்கு உறவு. தேனும் வாஃபிளும் பிறவிச் சொந்தம்!

கே: பெல்ஜியம் வாஃபிள் என்பது ஒரே வகையா? (சென்னை வாசகி)

ப: பிரஸ்ஸல்ஸ் வாஃபிள் நீள்சதுரம், பஞ்சு போல லேசு. லியேஜ் வாஃபிள் ஈஸ்ட் சேர்த்த கெட்டி மாவு, உள்ளே முத்துச் சர்க்கரை, ஓரமெல்லாம் கேரமல். உங்கள் வண்ண விருந்துக்கு பிரஸ்ஸல்ஸ் வழிதான் ஏற்றது. லியேஜ் வாஃபிளின் சர்க்கரை பழுப்பாகி நிறத்தை விழுங்கிவிடும்.

கே: எல்லோருக்கும் சுட்டு முடித்துத்தான் பரிமாற வேண்டுமா? (ஈரோடு வாசகி)

ப: வேண்டவே வேண்டாம். வாஃபிளின் ஆயுள் ஐந்து நிமிடம். முதல் வாஃபிள் வெந்ததும் பிறந்தநாள் குழந்தையின் தட்டில் வையுங்கள். எந்த நிறம் முதலில் என்பதை அவளே சொல்லட்டும்.